சேனை வைக்கிற விரல்

தூத்துக்குடி
7-2-1978

கர்த்தருக்குள் பிரியமான கிருபாபாய்க்கு தேவதாசன் எழுதிக்கொள்வது.

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது என்று கோபப்படாதே. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். கோட்டின் மேல்தான் தொடங்குகிறேன். வரி முடிகிறபோது எல்லா எழுத்தும் பாரம் சரிந்த தோணி மாதிரி ஒரு பக்கமாய் இறங்கிவிடுகிறது. பழைய துறைமுகத்தில் ஆயுசு முழுக்க உப்பு மூட்டை தூக்கின கை இது. பேனாவைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறேன் என்று ஜெபசெல்வி டீச்சர் முதியோர் பள்ளியில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். மை கொட்டின இடத்தைப் பார்த்து நான் அழுதேன் என்று நினைத்துவிடாதே. நான் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன்.

ஏன் என்றால், இது நானே எழுதுகிற முதல் கடிதம். பக்கத்தில் யாரும் இல்லை. முன்பெல்லாம் உனக்கு எதைச் சொல்லி எழுதச் சொன்னாலும், எழுதுகிறவர்கள் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, நலம் நலமறிய ஆவல் என்று ஆக்கிவிடுவார்கள். இனி என் வாயில் வந்தது அப்படியே உன் கைக்கு வரும்.

கிரேசியை நீ நாசரேத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நல்லதாயிற்று. அவள் மாமியார் வீடு என்று நீ தயங்கினாய். இங்கே வைத்திருந்தால் நிறை மாதப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் ஒளித்திருப்போம்? நம் தெருவில் ஃபுளு காய்ச்சல் நுழையாத வீடு நம் வீடு ஒன்றுதான். மற்ற வீடுகளில் எல்லாம் போர்வைக்குள் கிடந்து முனங்குகிறார்கள். முனங்காதவர்கள் வெளியே வந்து அடுத்தவர் வாசலில் துப்புகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. உனக்குத் தெரியும், நம் கோயிலில் பந்திக்கு எழும்புகிறபோது எவ்வளவு மரியாதை. நீங்க போங்க அண்ணாச்சி, இல்லை நீங்க முதலில் என்று ஒருவருக்கொருவர் வழி விடுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். இந்த ஞாயிறு பாதிரி ஐயர் திராட்சரசக் கிண்ணத்தைத் தூக்கினதும் பின்வரிசைக்காரர்கள் எல்லோரும் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த மாதிரி முன்னால் பாய்ந்தார்கள். எதற்கு? அடுத்தவன் உதடு படுவதற்கு முன்னால் தான் குடித்துவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கிண்ணம் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தன் எச்சிலை அடுத்தவன் குடித்தால் சரி, அடுத்தவன் எச்சில் தனக்கு ஆகாது. நம் தெரு வன்னியபெருமாளின் மகன் தன் பெண்டாட்டியையே முழங்கையால் தள்ளிவிட்டு முழங்கால் போட்டான். நான் கடைசியாகப் போனேன். கிண்ணத்தின் அடியில் என்ன மிதந்தது என்று எழுத மாட்டேன். நீ சாப்பிட்டுக்கொண்டே படிப்பாய். கண்ணை மூடிக் குடித்தேன். குடிக்காமல் எழும்பினால் ஐயர் முகம் வாடிப்போகும்.

கிரேசியிடம் சொல், அப்பா அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று. பிறக்கப்போகிற பிள்ளையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கிறவன் கைநாட்டு இல்லை.

தேவதாசன்
(கையெழுத்து. சொந்தக் கையெழுத்து.)


நாசரேத்
10-2-1978

அத்தானுக்குக் கிருபாபாய் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைக்க வேண்டாம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணத்தில் மிதந்ததை எழுத மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். எழுதியிருந்தால் மறந்திருப்பேன். எழுதாமல் விட்டதால் சோற்றில் கை வைத்தாலே அதுதான் முன்னால் வருகிறது.

உங்கள் கடிதம் என் கைக்கு எப்படி வந்தது தெரியுமா? நம் சம்பந்தகாரர் அதை அடுப்படி இடுக்கியால் பிடித்து, சாம்பிராணிப் புகை காட்டி, துணிக்கொடியில் கிளிப் மாட்டி வெயிலில் காய வைத்தார். தூத்துக்குடிக் காகிதம் அல்லவா. காயப் போட்டுவிட்டு, இடுக்கி பிடித்த அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முறுக்குத் தட்டை எடுத்து நீட்டினார். நான் வயிறு சரியில்லை என்று சொன்னேன். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

அவருக்குத் தடுமல் பிடித்து நாளாகிறது. ஆனால் அது ஃபுளு இல்லையாம். "துறைமுகத்துக்காரங்களுக்கு வாரது ஃபுளு அம்மா, நமக்கெல்லாம் பனித்தடுமல்" என்கிறார். ஹெட்மாஸ்டராக இருந்தவர் இல்லையா, சபைக்குச் சுகாதாரக் குறிப்பு அவர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோயில் கதவில் ஒட்டியிருக்கிறது. வீட்டு கேட்டிலும் ஒன்று தொங்குகிறது. சளி, இருமல் உள்ளவர்கள் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்கலாகாது என்று முத்து முத்தாய் எழுத்து. அதன் கீழே ஈசிச்சேர் போட்டு உட்கார்ந்து தும்முகிறார். தும்மினதும் துண்டு நுனியை மடித்து மூக்கைத் துடைத்து, மறுபடியும் தோளில் போட்டுக்கொள்கிறார். அந்தத் துண்டை நான்தான் துவைக்கிறேன்.

சேனைப் பேச்சு நேற்று வந்தது. மூத்த பேரனுக்கு வைத்த ராசியான கை, இதற்கும் நானே வைத்துவிடுகிறேன் என்றார். கிரேசி படுத்திருந்தபடியே, "இந்தப் பிள்ளைக்கு எங்கப்பாதான் மாமா" என்று சொன்னாள். அவர் சிரித்தார். மூத்தவன் பிறந்தபோது நாலு பேர் நடுவில் சிரித்தாரே, அதே சிரிப்பு. சேனை தொட்டு வைக்கிறவர் குணந்தான் பிள்ளைக்கு வரும், கைநாட்டு வைக்கிற விரலை நாக்கில் வைத்தால் பிள்ளை கைநாட்டாய்த்தான் வரும் என்று அன்றைக்குச் சொன்னார். நீங்கள் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றீர்கள். இந்தத் தடவை சிரிக்க மட்டும் செய்தார். மருமகன் ஜெயசிங் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணம் கடைசியாகக் குடிக்கிற வேலை இனி வேண்டாம்.

கிருபாபாய்


தூத்துக்குடி
14-2-1978

பிரியமான கிருபாவுக்கு,

நீ எழுதிய கடிதத்தை நானே வாசித்தேன். காலையில் தொடங்கினேன், வெயில் ஏறுகிறபோது முடித்தேன். வெங்காயம் என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அது வெங்காயம்தான் என்று தெரிந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இங்கே சுகாதார இலாகா ஜீப் வந்தது. ஒலிபெருக்கியில், கூட்டம் கூடாதீர்கள், நெருங்கி நிற்காதீர்கள், கையால் வாயை மறித்து இருமுங்கள் என்று சொன்னார்கள். அதைக் கேட்க ஜீப்பைச் சுற்றி நின்ற கூட்டத்தில் என் செருப்பு அறுந்துபோயிற்று. நோட்டீஸ் கொடுத்தார்கள். எனக்கு எட்டவில்லை. டீக்கடை சொரிமுத்து ஒன்றை வாங்கி மடித்து அதில் மூக்கைச் சிந்தினான். சிந்திவிட்டு என்னிடம் நீட்டி, "நீருதான் இப்ப வாசிப்பீரே, என்ன போட்டிருக்குன்னு சொல்லும்" என்றான். விளையாட்டுக்கு இல்லை கிருபா, உண்மையாகவே கேட்டான். நான் தரையில் போடச் சொல்லிக் குனிந்து நின்று வாசித்தேன். என்ன செய்வது, வாசிக்கிற ஆசை விடவில்லை. ஈரம் படாத பாதியில், கொதிக்க வைத்த தண்ணீரைக் குடியுங்கள் என்று இருந்தது. அதைச் சொன்னதும் அவன், "டீயும் கொதிக்க வச்ச தண்ணிதானே" என்றான். அவன் கடையில் டம்ளர் கழுவுகிற வாளியை நீ பார்த்திருக்கிறாய். இப்போது அது தண்ணீர் இல்லை, கூழ். காலையில் ஊற்றினது சாயங்காலம் வரை. இருமுகிறவன், சிந்துகிறவன், பல் விளக்காதவன் எல்லோரும் அதற்குள்ளேதான் இருக்கிறார்கள்.

அது போதாது என்று வன்னியபெருமாள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்துச் சொன்னான். கடல் தண்ணீரைக் கொப்பளித்தால் காய்ச்சல் அண்டாதாம். விடியற்காலையில் தெருவே படித்துறைக்குப் போகிறது. ஊர்ச் சாக்கடை வந்து விழுகிற அதே இடம். வரிசையாய் நின்று ஒருவன் அள்ளிக் கொப்பளித்துத் துப்புகிறான், அவன் துப்பினதை அடுத்தவன் அள்ளுகிறான். நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். அள்ளக் குனிந்தேன். கைக்குள் வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதன் பிறகு வன்னியபெருமாளுக்கே காய்ச்சல் வந்தது. உப்பு பத்தவில்லை என்று சொல்லுதான்.

எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறேன். கிரேசிக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் புறப்பட்டு வருவேன். வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். முதியோர் பள்ளிக்குப் போன பத்து மாதமும், அ எழுதுகிறபோதும் ஆ எழுதுகிறபோதும் நான் நினைத்தது அந்தப் பிள்ளையின் நாக்கைத்தான். சம்பந்தகாரர் எதிரில் ஒரு தாளில் என் பெயரை எழுதிக் காட்டிவிட்டு, அந்த விரலாலேயே சேனை தொட்டு வைப்பேன். அவர் சிரிக்கட்டும் பார்ப்போம்.

தேவதாசன்


நாசரேத்
21-2-1978

அத்தானுக்கு,

வெள்ளிக்கிழமை மிஷன் ஆஸ்பத்திரியில் கிரேசிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உங்கள் மூக்கு. அதைத் தவிர வேறு குறை இல்லை. தந்தி கொடுக்கச் சொல்லி மருமகனிடம் சொன்னேன், கொடுக்கவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஏன் என்று இந்தக் கடிதத்தை முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஊர் வந்துவிட்டது. கேட்டில் தொங்குகிற குறிப்பை நின்று வாசிக்கிறார்கள், சார்வாள் எழுத்து அச்சு மாதிரி இருக்கு என்று பாராட்டுகிறார்கள், அப்புறம் இருமிக்கொண்டே உள்ளே வந்து பிள்ளையைத் தூக்குகிறார்கள். ஒரு அம்மாள் தன் கைக்குட்டையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். அந்தக் கைக்குட்டையை உங்களுக்கு வர்ணிக்க மாட்டேன். நீங்கள் எனக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்கிறேன்.

சாயங்காலம் சம்பந்தகாரர் குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தார். தேவதாசன் வருகிற வரைக்கும் பிள்ளை சேனை இல்லாமல் கிடக்கலாமா என்றார். கண் சிவந்து கிடந்தது. நிற்கிறபோதே ஒரு பக்கம் சாய்ந்தார். மூக்கிலிருந்து இறங்கினதை ஆள்காட்டி விரலால் துடைத்தார். துடைத்த விரலை வேட்டியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அதே விரலைக் கிண்ணத்தில் விட்டார்.

நான் எழுந்தேன். அறை வாசல்படியில் போய் நின்று, கையைக் கழுவிவிட்டு வாங்க என்று சொன்னேன். அவர், கழுவியாச்சு என்றார். "மூக்கைக் கழுவ முடியுமா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"என் வீட்டுல, என் பேத்திக்கு, எந்தக் கை வைக்கணும்னு நீங்க சொல்லுதீகளா?" என்று கேட்டார்.

"கேட்டுல நீங்கதான எழுதிப் போட்டிருக்கிய" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அவர் முகத்துக்கு நேரே சாத்தினேன் அத்தான். கட்டிக்கொடுத்த வீட்டில். வெளியே கிண்ணத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. மருமகன் கதவைத் தட்டி, "அத்தை, அப்பாவை அவமானப்படுத்திட்டீங்க" என்றார். நான் திறக்கவில்லை. கிரேசி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் கிண்ணம் முழுக்க எறும்பு.

அன்றைக்கு விடிகிறபோதே அவருக்கு நூற்று மூன்று டிகிரி. அடுத்து சம்பந்தி அம்மாள் படுத்தாள். அடுத்து மருமகன். இப்போது இந்த வீட்டில் நடமாடுகிறது நான் ஒருத்திதான். கஞ்சியை அவர்கள் கதவோரம் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, எங்கள் அறைக்கு வந்து தாழ் போட்டுக்கொள்கிறேன். மூத்தவனையும் வெளியே விடுவதில்லை. யாரும் என்னோடு பேசுவதில்லை. கஞ்சியில் உப்புக் குறைந்தால் மட்டும் பேசுகிறார்கள்.

நேற்று சம்பந்தகாரர் படுக்கையிலிருந்தபடியே, தேவதாசன் எழுதின கடிதத்தைக் காட்டச் சொன்னார். அவரைத் திட்டாத பக்கமாகப் பார்த்து ஒன்றை ஜன்னல் வழியாகப் பிடித்துக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். றகரம் நன்றாக வருகிறது, ழகரம் இன்னும் பழக வேண்டும் என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, வந்து வைக்கச் சொல்லுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வாருங்கள். பின்வாசல் வழியாக நேரே எங்கள் அறைக்கு வந்துவிடலாம். பிள்ளை இன்னும் தாய்ப்பாலைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. உங்களுக்காகக் கிரேசி காத்திருக்கிறாள்.

கிருபாபாய்


தூத்துக்குடி
26-2-1978

பிரியமான கிருபாவுக்கு,

நேற்று முழுக்க நீங்கள் இருவரும் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் புறப்பட்டேன். பாதி வழி வந்தேன். என்ன நடந்தது என்று எழுதுகிறேன். கிரேசிக்கு நீயே படித்துக் காட்டு.

சனிக்கிழமை எழுந்தபோது தொண்டையில் கரகரப்பு இருந்தது. உப்புத் தூசி என்று எனக்கு நானே சொன்னேன். உப்பளத்துக் காற்று அடிக்கிற ஊர்தானே. சம்பந்தகாரரின் பனித்தடுமலைப் பற்றி நீ எழுதியிருந்தது மனசில் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டேன். இருமல் வராமல் இருக்க இரண்டு கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். வெள்ளைச் சட்டையைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தேன்.

பஸ்ஸில் இருமாதவர்கள் யாரும் இல்லை. கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தான். முன்சீட்டுக்காரன் ஜன்னல் வழியாகத் துப்பினது காற்றில் திரும்பி உள்ளே வந்தது. இதையெல்லாம் உனக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டே வந்தேன். எனக்கும் ஒன்றிரண்டு இருமல் வந்தது. ஜீப்பில் சொன்னபடி ஒழுங்காக வலது கையால் வாயைப் பொத்தித்தான் இருமினேன். இந்தப் பஸ்ஸில் சுகாதாரம் தெரிந்த மனுஷன் நான் ஒருத்தன்தான் என்று பெருமையாக இருந்தது.

பக்கத்தில் ஒரு சின்னப் பெண், குரும்பூருக்குப் போகிறவள், மடியில் ஒரு பிள்ளை. பல் முளைக்காத பிள்ளை. அது என் விரலைப் பிடித்தது. வலது கை, ஆள்காட்டி விரல். "தாத்தா விரலை விடமாட்டேங்கான் பாருங்க" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது இழுத்து வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. அந்தச் சூடு, அந்த நாக்கு. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் பேத்தியும் இப்படித்தானே என்று கண்ணை மூடிக்கொண்டேன் கிருபா. அப்படியே விட்டுவிட்டேன்.

அப்போது அடக்கி வைத்திருந்த இருமல் பெரிதாக வந்தது. பொத்துவதற்குக் கையைத் தூக்கப் போனேன். கை பிள்ளை வாயில் இருந்தது.

வெடுக்கென்று பிடுங்கினேன். பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தப் பெண் முகம் சுண்டிப்போய், "பிள்ளை எச்சில்தான பெரியவரே, என்ன செஞ்சிரும்" என்றாள். அவள் பிள்ளையின் எச்சில் எனக்கு அருவருப்பு என்று நினைத்துவிட்டாள். எனக்குக் குமட்டியது என் கையைப் பார்த்து. எனக்குத் தடுமல் இருக்கு தாயி, பிள்ளை வாயைத் துடை என்று சொன்னேன்.

அவள் துடைக்கவில்லை. "யாருக்குத்தான் இல்ல" என்றாள்.

ஆறுமுகநேரியில் இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகு குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவி என்ன, அது சப்பின பிறகுதானே கழுவுகிறேன். திரும்பி வருகிற பஸ்ஸில் கடைசிச் சீட்டில் யாரோடும் ஒட்டாமல் வந்தேன். சாயங்காலம் குளிர் தொடங்கியது. இப்போது போர்வைக்குள் இருந்துதான் எழுதுகிறேன். ஃபுளுதான். உப்புத் தூசி இல்லை. ஜெபசெல்வி டீச்சர் வாசலில் கஞ்சி வைத்துவிட்டுப் போகிறாள், உள்ளே வராதே என்று நான்தான் சொன்னேன். பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குரும்பூர்ப் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்பதுதான் கண்ணை மூடினால் வருகிறது. பெயர்கூடக் கேட்கவில்லை.

நான் குணமாகி வருகிற வரைக்கும் பிள்ளையைக் காக்க வைக்காதே. சேனையை நீ வை.

மூத்தவனுக்கு வைக்க யார் கை நல்ல கை என்று அத்தனை பேர் பேசினோம். அவர் என்றார்கள், நான் என்றேன். வேதம் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டின நீ அந்த அறையிலேயே தண்ணீர் காய்ச்சிக்கொண்டு நின்றாய். உன்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏளா கிருபா, கையை நன்றாகக் கழுவிவிட்டு நீயே வை. கிரேசியிடம் நான் சொன்னதாகச் சொல். சம்பந்தகாரர் கேட்டால் அவரிடமும் சொல். பிள்ளை என்னைப் போல வர வேண்டாம். எழுதப் படிக்க யார் வைத்தாலும் வரும், எனக்கே வந்துவிட்டது. அவர் வீட்டில் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிற குணம் உனக்குத்தான் இருக்கிறது. எனக்கு இல்லை. நான் கிராம்பை அடக்கிக்கொண்டு பஸ் ஏறினவன்.

வைத்ததும் பிள்ளை முகத்தை எப்படி வைத்துக்கொண்டாள் என்று விவரமாக எழுது. அடுத்த வாரம் நானும் எழுதுவேன், எழுந்து உட்கார முடியாவிட்டாலும் படுத்துக்கொண்டே எழுதுவேன்.

தேவதாசன்